பட்டாசு எண்டு பொய் சொல்லிட்டன், இனி திரும்பிப் போறதா வேணாமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில பிறந்து, கலியாணம் முடிச்சு கிழக்கால கடல் பக்கத்து எழுவான்கரையில மனைவியோட வீட்டில இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 29. கட்டாரில ஏசி டெக்னீஷியன், மூத்த புள்ளைக்கு ஆறு மாசமா இருக்கக்குள்ள போனவர், இப்ப அவவுக்கு நாலரை வயசு, மனைவிக்கு வயித்தில ரெண்டாவது. அடையாளம் தெரியாம இருக்க சில விசயத்த மாத்தியிருக்கன். கடிதம் நல்ல நீளம், ஒரே மூச்சில எழுதினது இல்ல, மூணு நாலு ராத்திரியா எழும்பி எழும்பி எழுதினது எண்டு வாசிக்கக்குள்ளயே விளங்குது.

விசயம் இதுதான். 2025 ஜூன் 23 ராத்திரி, ஈரான் கட்டாரில இருக்கிற அல் உதெய்த் அமெரிக்க முகாமுக்கு ஏவுகணை விட்ட நேரம், தம்பி மனைவியோட போனில கதைச்சிக்கிட்டு இருந்தவர். வானத்தில வெளிச்சம், பிறகு சத்தம். "என்ன சத்தம்?" எண்டு மனைவி கேக்க, "பக்கத்தில கலியாண வீடு, பட்டாசு" எண்டுட்டார். செப்டம்பர் 9ஆம் திகதி இஸ்ரேல் தோஹாவுக்குள்ளயே குண்டு போட்டதையும் வீட்டில சொல்லல்ல. லீவில வந்தார். தீபாவளியண்டு விடியச்சாமம் அடுத்த வளவுப் பொடியன்கள் வெடி கொழுத்த, இவர் படுத்திருந்த மகள இழுத்துக்கிட்டு கட்டிலுக்குக் கீழ போய்ட்டார். மனைவியும் மாமியும் லைட்டப் போட்டுப் பாக்கக்குள்ள புள்ளைய நெஞ்சோட அமத்திப் பிடிச்சிக்கிட்டு கிடந்தாராம். அண்டையில இருந்து தேங்காய் விழுந்தாக் கூட மகள் தன்ர பாவைப்புள்ளையக் கட்டிலுக்குக் கீழ வச்சு பாய் போட்டு மூடி, "சத்தம் போடாத, அப்பா வருவார்" எண்டு சொல்றாளாம்.

நவம்பர் கடைசியில லீவு முடியுது. போக ஏலாது எண்டு மனசு சொல்லுது, குழு லோனும் ஏஜென்சிக்குக் குடுத்த கடனும் போ எண்டு சொல்லுது, பொம்புளப்புள்ளைக்குச் சீதன வீடு கட்டணும் எண்ட நினைப்பு வேற. பேசாம டிக்கட் திகதிய விட்டுட்டு வீட்டில இருந்துடலாமா எண்டு யோசிக்கிறார். கூட்டாளி ஒராள் ரஷ்யாவில செக்யூரிட்டி வேலை எண்டு கூப்பிடுறார். எல்லாத்துக்கும் மேல ஒரு வரி எழுதியிருக்கார், அதத்தான் நான் திருப்பித் திருப்பி வாசிச்சன்: "அக்கா, ஜூனில இருந்து எனக்குக் கும்பிட வருதில்ல. கோயில்ல நிண்டா எந்த வாசலால ஓடலாம் எண்டுதான் பாக்கிறன். பயப்படுறவனுக்கு நம்பிக்கை இல்ல எண்டுதானே அர்த்தம்?"

தம்பி, நேரடியா உங்களோட கதைக்கிறன்.

உங்கட கடிதத்தில கட்டாரப் பத்தி எழுதினதவிட, படுவான்கரையில யுத்தம் நடந்த 2007 மார்ச்சப் பத்தி எழுதினதுதான் கூட. உங்களுக்கு அது தெரியுமோ தெரியாது, நான் பக்கத்த எண்ணிப் பாத்தன். நாலாம் பக்கத்தில தொடங்கி ஒம்பதாம் பக்கம் வரைக்கும் அந்த ஒரு கிழமைதான். அம்மா உங்களையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு அம்மன் கோயில் மண்டபத்தில மூணு ராத்திரி படுத்தது, மறுகா மண்முனைத் துறைக்கு நடந்தது, அப்ப அங்க பாலம் இல்ல, 2014லதானே வந்தது, சனம் நெரிபட்டு நிண்டது, உங்களோட ஒரே வாங்கில இருந்து படிச்ச பொடியன் செல் விழுந்து செத்தது. அவன்ட தாயும் உங்கட அம்மா மாதிரித்தான் அதே அம்மனுக்கு நேந்தவ எண்டு எழுதி, அதுக்குப் பிறகு ஒரு வரி விட்டிருக்கீங்க.

அந்த வருஷம் நான் இடம்பெயர்ந்த சனம் இருந்த கேம்புகளில வேலை செஞ்சனான். தகரக் கொட்டிலுக்கு மேல மழை விழக்குள்ள, புள்ளைகள் எல்லாம் அப்பிடியே வாய மூடிக்கிட்டு ஒரு திக்கில பாத்துக்கிட்டு இருக்கும். கத்தி அழுத புள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் எண்டு எங்களுக்குத் தெரியும், தூக்கலாம், தாயிட்டக் குடுக்கலாம். அழாத புள்ளைகளத்தான் எனக்குப் பாக்க ஏலாம இருந்தது. கேட்டா "ஒண்டுமில்ல மிஸ்" எண்டு சொல்லுவாங்க, சாப்பிடுவாங்க, படிப்பாங்க. பெரிய ஆக்கள் எல்லாரும் "இவன் நல்லாத்தான் இருக்கான்" எண்டு விட்டுட்டம், ஏனெண்டா பாக்கிறதுக்கு வேற ஆயிரம் வேலை கிடந்தது. பதினெட்டு வருஷம் கழிச்சு அப்பிடி ஒரு புள்ள தகப்பனாகி எனக்குக் கடிதம் எழுதியிருக்கு எண்டுதான் நான் இத வாசிச்சன்.

உங்களுக்கு நடந்தது பைத்தியம் இல்ல

தீபாவளியண்டு செஞ்சதுக்கு வெக்கப்படுறீங்க, மாமி முகத்தப் பாக்க ஏலாம இருக்கு எண்டு எழுதியிருக்கீங்க. அந்த நேரம் நீங்க யோசிச்சு ஒண்டும் செய்யல்ல, உடம்புதான் செஞ்சது. பத்து வயசில படிச்ச பாடத்த உடம்பு மறக்காது, சத்தம் எண்டா கீழ, புள்ளைய அமத்திப் பிடி. உங்கட அம்மா உங்களுக்குச் செஞ்சத நீங்க உங்கட மகளுக்குச் செஞ்சிருக்கீங்க. அண்டைக்கு அது உயிரக் காத்தது, இண்டைக்கு இடம் மாறி வருது, அவ்வளவுதான்.

ஆனா இத இப்பிடியே விடவும் கூடாது. நித்திரை இல்ல, திடுக்கிடுறது, அந்தப் பொடியன் கனவில வாறது, வாசல் தேடுறது, இதெல்லாம் அஞ்சு மாசமாத் தொடர்ந்து இருக்கு எண்டா இது மருத்துவம் பாக்க வேண்டிய விசயம், பாத்தா கனபேருக்கு நல்லாக் குறையும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்ல, முதல் தரம் போகக்குள்ள "யுத்த நேரத்து நினைப்பு திரும்பி வருது, நித்திரை இல்ல" எண்டு ரெண்டு வசனம் சொன்னாக் காணும். ராத்திரி தாங்க ஏலாமப் போனா 1926க்கு எடுங்க, 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும். லீவு முடியுறதுக்கு முன்ன ஒரு தரமாவது போங்க தம்பி, கட்டாருக்குப் போனாலும் சரி போகாட்டியும் சரி. முடிவெடுக்கிற ஆள் 29 வயசு ஆளா இருக்கணும், துறையில நிண்ட பத்து வயசுப் பொடியனா இருக்கக்கூடாது.

ஒரு சின்ன விசயம், இண்டைக்கே செய்யலாம். ராத்திரி ஒரு மணிக்கு போனில ஏவுகணை வீடியோ பாக்கிறத நிப்பாட்டுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தரம், பகலில, செய்தியப் பாருங்க. படுக்கைக்குப் போகக்குள்ள போன் அடுத்த அறையில இருக்கட்டும்.

பயந்தா நம்பிக்கை இல்ல எண்டு ஆர் சொன்னது?

நான் ஐயரும் இல்ல, ஃபாதரும் இல்ல. ஆனா இந்தக் கேள்விய ஓரமா வச்சிட்டு உங்களுக்குப் பதில் எழுத ஏலாது, ஏனெண்டா உங்களத் தின்னுறது ஏவுகணை இல்ல, இதுதான்.

உங்கட மனசுக்குள்ள ஒரு கணக்கு கிடக்கு. அம்மா நேந்தா, நான் தப்பினன். அவன்ட அம்மாவும் நேந்தா, அவன் தப்பல்ல. அப்ப நான் தப்பினது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே இவ்வளவு காலமும் கும்பிட்டிருக்கீங்க, ஜூனில வானம் வெளிச்சமாகக்குள்ள அது எழும்பிட்டுது. இப்ப மகளுக்காகக் கும்பிடப் போனா, "அந்தத் தாயும் இப்பிடித்தானே கும்பிட்டா" எண்டு வந்து நிக்குது, கை கூப்ப ஏலாமப் போகுது. இது நம்பிக்கை இல்லாதவன்ட நிலைமை இல்ல தம்பி. நம்பிக்கை இல்லாட்டி இவ்வளவு நோகாது.

நீங்க கும்பிடுற அம்மன் ஆர் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. எங்கட பக்கத்துக் கண்ணகி அம்மன். புருசன அநியாயமாக் கொன்ட அரசன்ட சபைக்குள்ள சிலம்போட போய், "இது நீதியா?" எண்டு கேட்டவ. அவட கோவத்துக்கு ஊரே எரிஞ்சது. அதாலதானே வைகாசியில கதவு திறந்து சடங்கு செஞ்சு, கடைசியில குளுத்தி பாடி அவவக் குளிரப் பண்ணுறம். நீதி கேட்டவள, கோவப்பட்டவள, நெஞ்சு எரிஞ்சவளத்தான் எங்கட சனம் தாய் எண்டு கும்பிடுது. அவட வாசல்ல போய் நிண்டு "அவன ஏன் விட்டாய்?" எண்டு கேக்கிறது எப்பிடித் தம்பி பாவமாகும்? கேளுங்க. வாய் திறந்து கேளுங்க, கத்தினாலும் பரவாயில்ல, பகல் நேரம் ஆக்கள் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க.

நானும் சுனாமிக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல கோயிலுக்குள்ள போகல்ல. வெளிக்கேற்றடியில செருப்போட நிண்டுட்டுத் திரும்பிடுவன். ஒரு வயசான அம்மா, கடல் அவவிட்ட மூணு புள்ளைகள எடுத்தது, ஒருநாள் என்னப் பாத்து, "உள்ள வராட்டியும் பரவால்ல மகள், இதுல குந்து" எண்டு தன்ர சேலைத் தலப்பால படியத் துடைச்சு விட்டா. அவ எனக்கு ஒரு விளக்கமும் சொல்லல்ல. நான் உங்களுக்கும் சொல்லல்ல, தெரியாது. படியில குந்துங்க, அது காணும் இப்போதைக்கு.

இன்னொண்டு, நேத்தி வச்சு சாமிய நம்பலாம், ஆனா அது உங்கட வேலையச் செய்யாது. அம்மா 2007ல நேந்தா, ஆனா நேந்துட்டு வீட்டிலயே இருக்கல்ல, உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுத் துறைக்கு நடந்தா. ரெண்டையும் செஞ்சா.

மனைவிக்குத் தெரியாது எண்டு நினைக்கிறீங்க

இதுல உங்களக் கொஞ்சம் திருத்த வேணும். "அவ வயித்தில புள்ளையோட இருக்கா, சொல்லிப் பயப்படுத்த விருப்பமில்ல" எண்டு எழுதியிருக்கீங்க, நல்ல மனசுதான். ஆனா அதே கடிதத்தில ஏழாம் பக்கத்தில நீங்களே எழுதின ஒண்டு இருக்கு, வேற ஏதோ சொல்லக்குள்ள போற போக்கில எழுதினது: "ஜூன் மாசத்தில இருந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கா, என்னத்துக்கு எண்டு கேட்டாச் சொல்றால்ல."

தம்பி, ஜூன் மாசத்தில இருந்து. அவவுக்கும் பேஸ்புக் இருக்கு, அவட சாச்சிட மகனும் சவூதியில எண்டு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அண்டைக்கு ராத்திரியே அவவுக்குத் தெரியும். நீங்க அவவக் காக்கிறதுக்குப் பொய் சொன்னீங்க, அவ உங்களக் காக்கிறதுக்கு நம்பின மாதிரி இருந்தா. ஒரே வீட்டில ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில தனிய நிண்டு பயப்படுறீங்க, நடுவில நாலரை வயசுப் புள்ள கட்டிலுக்குக் கீழ பாய் விரிக்குது.

சொல்லுங்க. பெரிய முன்னுரை ஒண்டும் வேணாம். புள்ள நித்திரையான பிறகு, பிளேன்டி ஒண்டு ஊத்தி வச்சிக்கிட்டு, "அண்டைக்கு அது பட்டாசு இல்ல" எண்டு தொடங்குங்க. அழுதா அழட்டும். உடனே தேத்தப் போகாதீங்க, பொம்புளையள் நாங்க கதைக்கக்குள்ள ஆம்புளையள் எல்லாத்துக்கும் தீர்வு சொல்லத்தான் பாக்கிற, கொஞ்சம் பேசாம இருங்க. முன்னமே தனிய ஒரு முடிவ எடுத்துட்டுப் போயும் நிக்காதீங்க, "நான் போகல்ல, முடிவெடுத்துட்டன்" எண்டு சொன்னீங்க எண்டா அதுவும் அவவத் தனிய விடுறதுதான்.

போறதா வேணாமா

இந்த முடிவ நான் எடுத்துத் தர ஏலாது. ஆனா நீங்க பிழையா நினைச்சிருக்கிற சில விசயம் இருக்கு, வெளிநாட்டு வேலை வழக்குகள் பாக்கிற ஒரு லோயர் தோழியிட்டயும் கேட்டுத்தான் எழுதுறன்.

"பேசாம போகாம விட்டுடலாம்" எண்டீங்களே, அதுதான் எல்லாத்திலயும் கெட்ட வழி. கட்டார் தொழில் சட்டப்படி தக்க காரணம் இல்லாம ஏழு நாளுக்கு மேல தொடர்ந்து வேலைக்கு வராட்டி, கம்பனி நோட்டீஸ் இல்லாம நிப்பாட்டலாம், சேவைக் காலப் பணமும் குடுக்காம விடலாம். அந்தப் பணம் ஒரு வருஷத்துக்குக் குறைஞ்சது மூணு கிழமைச் சம்பளம். உங்கட பேசிக் 1,800 ரியால், அப்ப வருஷத்துக்கு 1,260, நாலு வருஷத்துக்கு 5,040 ரியால், இண்டைய விலைக்கு நாலு லட்சத்துக்கு மேல வரும். அது உங்கட வேர்வை. வேலைய விடுறது எண்டாலும் எழுத்தில நோட்டீஸ் குடுத்து விடுங்க, ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை செஞ்ச ஆளுக்கு ரெண்டு மாசம் நோட்டீஸ்.

ஆனா போறது, விடுறது எண்டு ரெண்டு வழிதான் இருக்கு எண்டு ஏன் நினைக்கிறீங்க? மூண்டாவதாயும் ஒண்டு இருக்கு. இன்னும் கொஞ்ச மாசத்துக்குச் சம்பளமில்லாத லீவு நீட்டித் தரச் சொல்லி கம்பனிக்கு ஈமெயில் போடுங்க, வாட்ஸ்அப் மெசேஜ் காணாது, பதிலும் எழுத்தில வாங்குங்க. கட்டாருக்கு வெளிய ஆறு மாசத்துக்கு மேல நிண்டா இருப்பு விசா செல்லாமப் போகும், அதுக்குள்ள பாருங்க. இல்ல எண்டு சொன்னா நட்டம் ஒண்டும் இல்ல, கேட்டுப் பாத்தது ஆகும். என்னக் கேட்டா நான் இதத்தான் முதல்ல செய்வன், ஏனெண்டா வைத்தியமும் பாக்கலாம், வயித்தில புள்ளையோட இருக்கிற மனைவிக்குப் பக்கத்திலயும் இருக்கலாம், மூத்தவள் உங்கள முழுசா ஒரு ஆளா அறியவும் நேரம் கிடைக்கும்.

போறது எண்டு முடிவாச்சு எண்டா, ஆபத்தே இல்ல எண்டு நான் சொல்ல மாட்டன், அது பொய். ஜூனில விட்டது முகாமுக்கு, அதுல ஆக்கள் சாகல்ல, கொஞ்ச மணித்தியாலம் வான்பரப்ப மூடித் திறந்தாங்க. செப்டம்பர்ல உயிர் போனது. நீங்க தங்குற தொழிலாளர் கேம்புக்கு விழுற சாத்தியம் பூச்சியம் இல்ல. அதுக்கு ஏத்த மாதிரி வேலை பாத்துட்டுப் போங்க: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு காலாவதியா எண்டு பாத்துப் புதுப்பிச்சு, அதோட வாற காப்புறுதியில மனைவிட பேர் சரியா இருக்கா எண்டு பாருங்க, சந்தேகம் எண்டா 1989க்கு எடுங்க. பேங்க் கணக்குக்குப் பின்னுரித்து எழுதுங்க. பாஸ்போர்ட்ட உங்கட கையிலயே வச்சிருங்க, கம்பனி வாங்கி வைக்கிறது அங்க சட்டப்படி பிழை. தோஹா தூதரக நம்பர மனைவியும் எழுதி வச்சிருக்கட்டும். அதோட ஏதாவது நடந்தா முதல் ஒரு வொய்ஸ் மெசேஜ், "உயிரோட இருக்கன்" எண்டு மட்டும், மிச்சம் பிறகு. இனிப் பட்டாசு வேணாம்.

ரஷ்யா விசயம் ஒரு வரியில முடிக்கிறன்: வேணாம். நல்ல சம்பளம், சண்டைக்குப் போகத் தேவையில்ல எண்டு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போன எங்கட நாட்டு ஆக்கள் உக்ரைன் போர்முனையில நிண்டது 2024ல பாராளுமன்றம் வரைக்கும் வந்த கதை, செத்தும் இருக்காங்க. யுத்தத்துக்குப் பயந்து ஓடி யுத்தத்துக்குள்ளயே விழப்போறீங்களா?

இஞ்சயே இருக்கிறது எண்டா, நாலு வருஷ ஏசி அனுபவம் சும்மா இல்ல. செஞ்ச வேலைய வச்சே என்விகியூ எண்ட தொழில் தகைமைச் சர்டிபிகேட் எடுக்கலாம், அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா ஆபீசில கேளுங்க. பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களிலயும் ஏசி பாக்கிற வேலை இருக்கா எண்டு கேட்டுப் பாருங்க. கட்டார்ச் சம்பளம் வராது, அது உண்மை. அதால மனைவியோட இருந்து கடன் எல்லாத்தையும் ஒரே கொப்பியில எழுதுங்க, ஆருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, குழு லோன் எத்தின கிழமை மிச்சம் எண்டு. உங்கட கடிதத்தில கடன் ஒரு இடத்தில ஆறு லட்சம், இன்னொரு இடத்தில எட்டு லட்சம். ராத்திரியில அது வளருது போல.

மகளுக்கு வீடு கட்டுறதப் பத்தியும் சொல்லணும். எங்கட ஊர் வழக்கம் எனக்குத் தெரியும், நானும் இந்த மண்ணில பிறந்து தாய் வீட்டு வளவிலயே குடியிருக்கிறவதான், பொம்புளப்புள்ள பிறந்த அண்டைக்கே தகப்பன்மார் கல்லும் சீமெந்தும் எண்ணத் தொடங்கிடுவாங்க. ஆனா அவவுக்கு நாலரை வயசு. அந்த வீட்டுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கு.

பாவைப்புள்ள

மகளப் பேசாதீங்க. கட்டிலுக்குக் கீழ வைக்காத எண்டு பறிக்கவும் வேணாம். சின்னப் புள்ளைகள் பயத்தக் கதைக்க மாட்டாங்க, விளையாடுவாங்க, திரும்பத் திரும்ப. அவட விளையாட்டில ஒரு குறை இருக்கு, பாவைப்புள்ள உள்ள போகுது, வெளிய வாறது இல்ல. "அப்பா வருவார்" எண்டுதான் நிக்குது.

அதால அடுத்த தரம் அவ பாய் போட்டு மூடக்குள்ள நீங்களும் நிலத்தில இருங்க. "அது தேங்காய் விழுந்த சத்தம், வா பாப்பம்" எண்டு சொல்லி, பாவைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு மூணு பேருமா வளவுக்குப் போய் அந்தத் தேங்காயத் தேடி எடுங்க. அவ கையில குடுங்க, கிலுக்கிப் பாக்கட்டும், தண்ணி இருக்கா எண்டு. நாலஞ்சு தரம் செய்ய வேண்டி வரும், சலிக்காதீங்க. தீபாவளியண்டு நடந்ததையும் அவவுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க, "அப்பா சின்னனில ஒரு பெரிய சத்தத்துக்குப் பயந்தவன், அண்டைக்கு அது ஞாபகம் வந்துட்டு, இப்ப ஒண்டுமில்ல" எண்டு, அவ்வளவு காணும்.

மனைவியோட கதைச்ச பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்க தம்பி. மஞ்சத் துணியில முடிஞ்சிருக்கிற காசு எந்தக் கோயிலுக்கு எண்டும் கேட்டு எழுதுங்க. எனக்கு அறிய ஆசையா இருக்கு.